இடிந்த பின் விதியை நோவதா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, தீயோ பெருமழையோ வந்து போன பிறகு நிற்கின்ற கட்டடத்தைப் பற்றியதாகும். தீ அணைந்துவிட்டது, மழை விட்டுவிட்டது என்றவுடன் ஆபத்தும் போய்விட்டதாக நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். பிறகு ஒருநாள் அது இடிந்து ஆள் செத்தால் "விதி முடிந்தது, யார் என்ன செய்ய முடியும்?" என்கிறோம். உத்தரம் உளுத்துப்போனது விதியினாலா? சுவர் ஈரத்தில் ஊறினது விதியினாலா? பார்க்க வேண்டியவன் பார்க்காமல் விட்டதற்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால், அப்புறம் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

வெகுதூரம் போக வேண்டாம். நம் மதுரையையே பாருங்கள். 2018 பிப்ரவரி 2ந் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. சூட்டில் கல் வெடித்து மேற்கூரையில் ஒரு பகுதி விழுந்தது. தீயானது கோயில் என்றும் பார்ப்பதில்லை, குடிசை என்றும் பார்ப்பதில்லை. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், சந்துகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் மரக்கட்டையுமாக நிற்கும் பழைய வீடுகளின் கதி என்ன? 2020 நவம்பர் 14, தீபாவளியன்று, விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய கட்டடத்து ஜவுளிக்கடையில் தீப்பற்றியது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் இருவர் கட்டடம் இடிந்து மாண்டனர். 2021 டிசம்பரில், இரவு ரோந்தில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் மீது பழைய கட்டடம் விழுந்து அவர் மாண்டார். 2025 மே மாதம் வலையங்குளத்தில், மழைக்குப் பின் வீட்டுச் சுவர் இடிந்து மூவர் மாண்டனர்.

இவற்றைவிட யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் மாண்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாநகராட்சி முன்னரே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்று செய்திகள் வந்தன. அப்படியானால் நோட்டீஸ் யாரைக் காப்பாற்றிற்று? காகிதம் சுவரைத் தாங்குமா? நோட்டீஸ் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று அதிகாரி நினைப்பதும், நோட்டீஸ்தானே என்று சொந்தக்காரர் மடித்து வைப்பதும், வாடகை குறைவு என்று நாம் உள்ளே குடியிருப்பதும் ஒன்றுக்கொன்று துணை போகிற காரியங்களே.

மேலோட்டமாகப் பார்ப்பதும் போதாது. நியூசிலாந்து தேசத்துக் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2010 செப்டம்பரில் பூகம்பம் வந்தபின், ஒரு ஆறு மாடிக் கட்டடத்தைப் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டினார்கள். ஜனங்கள் உள்ளே போய் வேலை செய்தார்கள். 2011 பிப்ரவரி 22ல் அடுத்த பூகம்பம் வந்தது. அந்த ஒரே கட்டடத்தில் 115 பேர் மாண்டார்கள். அஸ்திவாரம் முதல் மாடி வரை கணக்குப் போட்டுப் பார்க்காமல், நடந்து பார்த்து ஒட்டின சீட்டின் யோக்கியதை அவ்வளவுதான். அதன் பிறகு அந்தத் தேசத்தார் 2019ல், ஆபத்துக் காலம் முடிந்த பின்னும் கட்டடங்களைக் கவனிக்கும்படி தங்கள் கட்டடச் சட்டத்தையே திருத்தினார்கள்.

நிற்க. நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், உண்டு. வாடகை வீட்டின் கட்டுமானப் பழுதைச் சரி செய்வது, குடியிருப்பவர் கெடுத்தாலொழிய, சொந்தக்காரர் பொறுப்பு என்று 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்லுகிறது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவுப்படி ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. இடிக்கும்போதோ பழுது பார்க்கும்போதோ தக்க பாதுகாப்புச் செய்யாவிட்டால் 290ஆவது பிரிவுப்படி தண்டனை உண்டு. இவையெல்லாம் தவறு நடந்த பிறகு வருபவை. முன்னதாகவே தடுக்கவும் வழி இருக்கிறது. விழக்கூடிய கட்டடம் அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ ஆபத்தாக இருந்தால், அதை இடிக்கவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ சொந்தக்காரருக்கு உத்தரவிடக் கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அதிகாரம் உண்டு. அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்க வேண்டுமென்பதில்லை. எதிர்வீட்டுக்காரரும் மனுக் கொடுக்கலாம்.

"நானே ஏழை, ஓட்டு வீடு ஒன்றுதான் சொத்து, பழுது பார்க்கப் பணம் எங்கே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் முட்டுக் கொடுப்பதற்கும், பிளந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காமல் இருப்பதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. மாடி கட்டி வாடகை வாங்குகிறவர் இந்தச் சமாதானத்தைச் சொல்ல வரவும் கூடாது.

ஆகவே தோழர்களே! தீயோ வெள்ளமோ வந்து போனால் உடனே உள்ளே நுழையாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஆள் வைத்துப் பார்த்த பிறகே மறுபடி போடுங்கள். புதுப் பிளவு, சாய்ந்த சுவர், தொய்ந்த உத்தரம், அடைத்துக்கொள்ளும் கதவு, உதிரும் காரை இவற்றைக் கவனியுங்கள். கற்ற இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் மனு எழுதுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். நோட்டீஸ் போனால், அதன்மேல் என்ன நடந்தது என்று விடாமல் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அலட்சியம் செய்வார்கள். தெருவே கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.