கட்டு யார் கையில் இருக்கிறது?

(கள்ளக்குறிச்சியில் நடந்த மாணவர், இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு நீதிமன்ற ஆவணங்களைத் தேடுவதும் பெறுவதும். தலைப்பைக் கேட்டவுடனே நாலு பேர் டீ குடிக்க எழுந்து போனதைப் பார்த்தேன். அவங்க மேல தப்பில்லை. சேரியில வீட்டைக் கொளுத்துனா நாம ஐந்நூறு பேர் திரண்டு சாலையில உட்காருறோம். அதே வழக்கு ஆறு வருஷம் கழிச்சுத் தீர்ப்பாகும்போது அந்தத் தீர்ப்பின் நகலை வாங்க ஒருத்தர்கூடப் போறதில்லை. என்ன காரணம் சொல்லி விடுதலை பண்ணாங்க என்று கேட்டால், "சாட்சி சரியில்லையாம்" என்கிறோம். யார் சொன்னது? குமாஸ்தா சொன்னார். அவருக்கு யார் சொன்னது? தெரியாது.

கோர்ட்டில் ஒரு வழக்கின் தாள்களையெல்லாம் சேர்த்து நூலில் கட்டி வைத்திருப்பதைத்தான் கட்டு என்கிறார்கள். அந்தக் கட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வழக்கை நடத்துவது வக்கீலாகவும் அரசு வழக்கறிஞராகவும் இருக்கட்டும். ஆனால் கட்டின் நகல் நம் கையில் இல்லாவிட்டால் நம் வழக்கிலேயே நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்.

நமக்குப் பக்கத்து விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜூலை 8 அன்று முருகேசனும் கண்ணகியும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர். எஃப்.ஐ.ஆர். பதிவானது ஜூலை 17ல். ஒன்பது நாள் தாமதம். அதுவும் எப்படிப் பதிவானது? கொன்றவர்களோடு சேர்த்து முருகேசன் தரப்புத் தலித்துகளையும் குற்றவாளிகளாக்கி. பையனைப் பறிகொடுத்தவங்க மேலேயே கொலை வழக்கு! 2004ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் காவல்துறை அதிகாரிகள். 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் மீதான தண்டனைத் தீர்ப்பை உறுதிசெய்தது. இதில் நான் பார்ப்பது என்னவென்றால், அந்த முதல் தாள், அந்தப் பொய் எஃப்.ஐ.ஆர்., கடைசியில் அதை எழுதியவர்களுக்கே எதிரான சாட்சியாக நின்றது. பதினெட்டு வருஷம் யாரோ அந்தத் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரம். அங்கே இருப்பவர்களும் நம்ம கல்வராயன் மலையில் இருப்பவர்களைப் போல மலையாளிப் பழங்குடியினர்தான். 1992 ஜூன் 20ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊரில் செய்த கொடுமைக்கு 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். எல்லாரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நம்ம மாணவர்கள் எத்தனை பேர் இந்த இரண்டு தீர்ப்பையும் படித்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதன் இணையதளத்திலேயே கிடைக்கிறது. காசு கிடையாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கட்டைத் தேடுவதற்கு முதலில் அது எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இது லேசான விஷயம் இல்லை. ஒரு காலத்தில் நாம் தென்னார்க்காடு, தலைமையிடம் கடலூர். 1993ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். மாவட்டம் பிரியும் அன்றே பதிவறையில் இருக்கும் கட்டுகளும் லாரி ஏறி வந்துவிடாது. பழைய வழக்கைத் தேடுகிறவர் கள்ளக்குறிச்சியில் "இல்லை" என்றவுடன் திரும்பி வந்துவிடக் கூடாது. வன்கொடுமை வழக்காக இருந்தால் விழுப்புரத்தில் அதற்கென்று இருக்கும் தனி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அதற்கும் முந்தைய காலத்து மேல்முறையீடு என்றால் கடலூர். மலையிலோ இன்னொரு சிக்கல். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் நம் மாவட்டம். அதே மலையில் கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். ஓடையைத் தாண்டினால் போலீஸ் வேறு, கோர்ட் வேறு. செம்மரக் கூலிக்கு அழைத்துப் போகப்பட்டு ஆந்திராவில் பிடிபட்டவர்களின் கட்டு திருப்பதிப் பக்கம், தெரியாத மொழியில் கிடக்கிறது. மலைக் குடும்பத்துக்கு இது எதுவும் தெரியாது. மாசா மாசம் வாய்தா தேதி மட்டும்தான் தெரியும்.

எண்கள் தெரிய வேண்டும். ஸ்டேஷனில் கொடுப்பது குற்ற எண்: கிரைம் நம்பர், வருஷம், ஸ்டேஷன் பெயர் மூன்றும் வேண்டும். கோர்ட்டுக்குப் போனதும் அது வேறு எண்ணாகிவிடும். மாஜிஸ்திரேட்டிடம் சி.சி. என்று ஒரு எண். செஷன்ஸ் விசாரிக்க வேண்டியதென்றால் பி.ஆர்.சி., அப்புறம் எஸ்.சி. எண். எஸ்.சி. என்றதும் ஒரு தோழர், "நம்ம சாதியைக் கட்டு மேலேயே எழுதிட்டானுங்க" என்று கோபப்பட்டார். செஷன்ஸ் கேஸ் என்பதன் சுருக்கம் அது. கோபத்தை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செல்போன் செயலியிலோ அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, இறங்கி வந்து "ஜட்ஜ் லீவு" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் கொடுமை கொஞ்சம் குறையும். ஆனால் இணையத்தில் இறக்கிய தாள் படிக்கத்தான். மேல்முறையீட்டுக்கும் நிவாரணத்துக்கும் முத்திரை போட்ட சான்றிட்ட நகல் வேண்டும்.

அதற்குப் போடுவதுதான் நகல் மனு. வக்கீல் குமாஸ்தாக்கள் சி.ஏ. என்பார்கள். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், எந்தத் தாள், எந்தத் தேதியது என்று எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "எல்லாக் காகிதமும் வேணும்" என்று எழுதினால் திருப்பிவிடுவார்கள். தீர்ப்பு, இன்னாருடைய சாட்சியம், இந்தச் சான்றாவணம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு நகலுக்கான முத்திரைத்தாளோ கட்டணமோ செலுத்தச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். கடிதம் வராது, போன் வராது. பலகையை நாம்தான் பார்க்க வேண்டும். முக்கால்வாசி நகல் மனு செத்துப்போவது அந்தப் பலகைக்குக் கீழேதான்.

கையில் வரும் நகலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மனுப் போட்ட தேதி, தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக எழுதியிருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. வன்கொடுமை வழக்கில் மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். நகல் தயாராக ஆன நாட்களை அந்தக் கெடுவில் கழித்துக்கொள்ள 1963ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12வது பிரிவு இடம் கொடுக்கிறது. பலகையைப் பார்க்காமல் நாம் தூங்கிய நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே தீர்ப்பு வந்த அன்றைக்கே மனுப் போடுங்கள்.

இங்கே ஒரு அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே இலவசம். சட்டத்திலேயே இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் குடிசை எரிந்தவருக்கு? குற்றவாளி விடுதலை ஆகிவிட்டான் என்ற செய்தியே பல சமயம் ஊருக்குள் பட்டாசு வெடிக்கும்போதுதான் தெரிகிறது. தீர்ப்பின் நகலுக்கு அவர் மனுப் போட்டு, பலகை பார்த்து, பணம் கட்டி வாங்க வேண்டும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு 2009 கடைசியிலிருந்து இருக்கிறது. நகல் இல்லாமல் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

ஆனால் இதே சட்டத்தில் நாம் தொடாமல் விட்ட ஆயுதமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அதில் 15-ஏ என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும் குற்றப்பத்திரிகை நகலும் இலவசமாகத் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஜாமீன் விசாரணை உட்பட எல்லாவற்றுக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நோட்டீஸ் கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிவாரணத் தொகையே பெரும்பாலும் தாளைப் பார்த்துத்தான் பிரிகிறது: எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் ஒரு பங்கு, தண்டனை வந்தால் மீதி. குற்றப்பத்திரிகை போய்விட்டது என்பதே தெரியாமல் இரண்டாவது பங்கைக் கேட்காமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மரம் வெட்டியதாக வழக்கு. பல வருஷமாக வாய்தாவுக்கு வந்துபோகிறார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் காசு வாங்கியிருக்கிறார்கள். குற்றப்பத்திரிகையைப் பார்த்தீங்களாய்யா என்று கேட்டேன். "அது எதுக்குப்பா, எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றார். நகல் வாங்கினோம். எதிரியின் தகப்பன் பெயர் இவருடைய அப்பா பெயர் இல்லை. அதே பேருள்ள வேறொருத்தர், வேறொரு ஊர். படித்துக் காட்டியபோது அவர் அழவில்லை, சிரித்தார். "அப்ப நான் யாருக்காகப்பா வாய்தாவுக்கு வந்துகிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சங்கத்துக்காரர் யாரும் போய்க் கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்கிறீர்கள். வழக்கில் சம்பந்தப்படாதவரை மூன்றாம் நபர் என்பார்கள். அவர் ஏன் வேண்டும் என்று காரணம் எழுதிப் பிரமாண வாக்குமூலத்தோடு மனுப் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். முடியும், ஆனால் சுற்று வழி. பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே போடுவது நேர்வழி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். நீதிமன்ற விதிப்படி நகல் வாங்க வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச் 4ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கோர்ட் கட்டுக்கு நகல் மனு. தகவல் உரிமையைக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திருப்புங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும். கூடியதா, கூட்டக் குறிப்பு எங்கே, எத்தனை பேருக்கு நிவாரணம் போனது என்று பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் ஆபீஸில் நாற்காலிகள் நகரும்.

பணம்? 1987ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. நகல் வாங்கித் தருவதும் அதில் அடக்கம். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பழைய கட்டு நிரந்தரம் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 1917ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் ஒன்று, ஆவண அழிப்புச் சட்டம், இன்னும் இருக்கிறது. அதன்கீழ் உயர் நீதிமன்றம் போட்ட விதிப்படி குறிப்பிட்ட வருஷத்துக்கு மேல் பல தாள்களை அழித்துவிடலாம். நம் அப்பன் பாட்டன் மேல் போட்ட பொய் வழக்குகள், நாம் போட்டுத் தோற்ற நில வழக்குகள், மலையில் 1976 வரை ஜாகீர்தார் ஆட்சி நடந்த காலத்தின் தகராறுகள், இதெல்லாம் நம் வரலாறு. நமக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று பதிவறைக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பாலியல் கொடுமை வழக்கில், குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எந்தத் தாளையும் நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தப் பெண்ணை இரண்டாம் தடவை சந்தையில் நிறுத்தும் வேலை அது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நம் ஜனம் கள்ளச்சாராயத்துக்குச் செத்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். நவம்பர் 20ல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதே வருஷம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து ஒரு வழக்கு எடுத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அரசிடம் கேள்வி கேட்டது. இந்த உத்தரவுகள் பொது ஆவணங்கள். இங்கிலீஷில் இருக்கின்றன. சட்டக் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தால் வெள்ளிமலைச் சந்தையில் வைத்துப் படித்துக் காட்டலாம். அதிகாரி கோர்ட்டில் என்ன சொன்னார், ஊரில் என்ன நடந்தது என்று மலை ஜனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

வாசல் மேசையில் நகல் மனுவின் மாதிரி வைத்திருக்கிறேன், ஒரு நோட்டும் இருக்கிறது. உங்க ஊரில் நடக்கும் வழக்கின் குற்ற எண்ணும் வருஷமும் ஸ்டேஷன் பெயரும் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம். கேள்வி இருந்தால் கேட்கலாம். மலையிலிருந்து வந்தவங்க முதல்ல கேளுங்க, உங்களுக்கு பஸ் போயிடும்.