அன்னதான அடுப்பின் காவல்



பசிப்பிணி போக்குதலைத் தலையாய அறமாகப் போற்றுவது தமிழ் மரபு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்தது அதற்காகவே. 1867ஆம் ஆண்டு வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அடுப்பு அணையாமல் காப்பது ஓர் அறம் என்றால், அதன்மேல் ஏறும் பாத்திரத்தில் தீங்கு சேராமல் காப்பது அதனினும் பெரிய அறமாகும்.

கடையில் உண்பவர் குறை கண்டால் கேட்பார். ஆலயத்தில் பிரசாதம் பெறுபவரோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்பார். அவர் எதையும் சோதிப்பதில்லை. ஆகவே அவருக்காகச் சோதிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ஆலயத்தாருடையதாகிறது. அந்தப் பொறுப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு.

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில் சுலவாடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் 2018 டிசம்பர் 14ஆம் நாள் கோபுரத் திருப்பணிக்கு அடிக்கல் நாட்டு விழா நடைபெற்றது. பூசை முடிந்ததும் அடியார்களுக்குத் தக்காளிச் சாதம் பிரசாதமாக வழங்கப்பட்டது. உண்டவர்கள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தனர். 17 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது.

இது தற்செயலாக நேர்ந்த விபத்தன்று என்றது காவல்துறை. கோயில் அறக்கட்டளைக்குள் இரு தரப்பாருக்கிடையே பகை இருந்தது. எதிர்த் தரப்பாருக்கு அவப்பெயர் உண்டாக்கவே நஞ்சு கலக்கப்பட்டது என்று குற்றம் சாட்டப்பட்டு நால்வர் கைது செய்யப்பட்டனர். அறக்கட்டளையின் தலைவரும் அவர்களுள் ஒருவர். பகை கொண்டவர்கள் நிர்வாகத்தார். மாண்டவர்களோ பிரசாதத்திற்குக் கையேந்தி நின்ற அடியார்கள்.

அதே நஞ்சு வேறொரு வழியிலும் உணவில் புகுந்ததுண்டு. பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் 2013 ஜூலை 16ஆம் நாள் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. எண்ணெயில் மாறுபாடு இருப்பதைச் சமையற்காரப் பெண்மணி எடுத்துச் சொல்லியும் தலைமையாசிரியை செவிசாய்க்கவில்லை. 2016இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. சுலவாடியில் வஞ்சகம் என்றால் இங்கு அலட்சியம். ஆயினும் இரண்டின் முடிவும் ஒன்றே.

தேயிலையும் காய்கறியும் விளையும் ரிங்லெட் வட்டாரத்து மக்களுக்குப் பூச்சிமருந்தின் வாடை புதிதன்று. அந்த அறிவே ஆலயத்திற்குப் பெருந்துணையாகும். மருந்து இருந்த புட்டியோ பீப்பாயோ, எத்தனை முறை கழுவியிருந்தாலும், ஆலயச் சமையற்கூடத்தின் வாயிற்படியைத் தாண்டலாகாது.

உயிரை உடனே பறிக்காமல் உடலை மெல்லக் கெடுக்கும் கலப்படமும் உண்டு. காய்ச்சி வடித்த தேயிலைத் தூளை உலர்த்திச் சாயமேற்றி விற்பது பழைய மோசடி. வடிதாளின்மேல் சிறிது தேயிலையைப் பரப்பி நீர் தெளித்தால், சாயம் கலந்த தூள் உடனே கறையை விட்டுவிடும். வங்காளதேசத்தில் மஞ்சளின் நிறம் கூட்ட ஈயம் சேர்ந்த நிறமி கலக்கப்பட்டது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. அரசு சோதனை நடத்தித் தண்டம் விதித்து மக்களுக்கும் உண்மையை எடுத்துரைத்தது. 2021இல் அத்தகைய மாதிரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விழிப்பு இருந்தால் கலப்படத்தை ஒழிக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

மலேசியாவில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கேடு விளைவிக்கும் உணவை விற்பதும் கலப்படம் செய்வதும் அச்சட்டப்படி குற்றமாகும். எனினும் ஆலய அடுப்படியில் எந்நேரமும் அதிகாரி நின்றுகொண்டிருக்க முடியாது. அங்கே நிற்க வேண்டியவர்கள் அடியார்களே.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. உபயமாக வரும் அரிசி, பருப்பு, எண்ணெய் யாவும் யாரிடமிருந்து, எக்கடையிலிருந்து, எந்நாளில் வந்தன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதப்பெறல் வேண்டும். முத்திரை உடைந்த எண்ணெயையும் பெயரில்லாத பொட்டலத்தையும் அன்புடன் மறுத்தல் வேண்டும். சாமான் அறையின் சாவி பொறுப்பான இருவரிடம் இருத்தல் வேண்டும். அடுப்பில் பாத்திரம் இருக்கும்வரை சமையற்கூடம் ஆளின்றி இருத்தலாகாது. சமைத்தவற்றில் சிறிதளவைத் தனியே குளிர்பெட்டியில் எடுத்து வைத்தால், பின்னர் ஐயம் எழுமாயின் சோதிக்க உதவும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வாடை சரியில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் பாத்திரம் துலக்கும் பாட்டியாயினும் பரிமாறும் சிறுவனாயினும், அகப்பையைக் கீழே வைத்துவிட வேண்டும். உபயக்காரர் மனம் வருந்துவாரே என்றோ, பந்தி தாமதமாகுமே என்றோ தயங்கலாகாது. கண்டாமனில் அந்த ஒரு சொல் கேட்கப்பட்டிருந்தால் 23 இல்லங்கள் இருண்டிரா.

அன்பர்களே! நிர்வாகத்தில் கருத்து வேற்றுமை எழுவது இயல்பு. அது பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்க்கப்பட வேண்டியது. அடுப்படி வரை செல்லத் தகாதது. சுலவாடியில் மருந்து பாத்திரத்தில் விழும் முன்னரே மனத்தில் நஞ்சு விழுந்துவிட்டது. மனத்தூய்மையும் விழிப்பும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் அன்னம் பிரசாதமாகிறது. அத்தகைய அன்னம் இவ்வாலயத்தில் என்றும் குறைவின்றி வழங்கப்பெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.