கணக்கு வரலையா? முதல்ல வாசிக்க வருதான்னு பாருங்க

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பெற்றோர்களிடம் ஆற்றிய உரை)



"என் பிள்ளைக்குக் கணக்கு மண்டையில ஏறல, ட்யூஷன் சேர்க்கணும்" என்று புலம்பாத வீடு இல்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 48-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்க. போட்டுடும். அதையே, "ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் உள்ளன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை கிடைக்கும்?" என்று எழுதிக் கொடுங்க. பல பிள்ளைகள் முழிக்கும். வகுக்கத் தெரிந்த பிள்ளைதான். கேள்வியை வாசிக்க முடியவில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை 'பிரித்தால்' என்ற சொல்லுக்கு வருவதற்குள் 48 மறந்துபோகும். எழுத்தை அடையாளம் காண்பதிலேயே கவனம் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. பொருள் புரிய மிச்சம் ஏது? 1, 2-ஆம் வகுப்பில் இது வெளியே தெரியாது, டீச்சர் வாயால சொல்லிக் கொடுத்துடுவாங்க. அதற்குப் பிறகு அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே வாசித்துத்தான் ஆகணும். அங்கேதான் பிள்ளை பின்தங்குது. நாம 'சோம்பேறி'ன்னு திட்டுறோம்!

இது ஏதோ நம்ம தெருவுப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்பட்ட அசர் கணக்கெடுப்பின்படி, 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 50.5 சதவீதம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-இல் அது 42.8 சதவீதம். பாதிக்கும் கீழே!

பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைப்பது இதற்கு மருந்தாகாது. (ஒப்பிக்கிற பிள்ளையிடம் நடுவில் ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொல்லிப் பாருங்க, தெரியும்.) வேண்டியது சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். ஒரே கதையைப் பத்து தடவை படித்தாலும் தடுக்காதீங்க, அப்படித்தான் வேகம் வரும். தினமும் கால் மணி நேரம், செல்போனை ஓரமா வச்சுட்டுப் பக்கத்துல உட்காருங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "எனக்குப் படிச்சுக் காட்டு கண்ணு" என்று கேளுங்க.

தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 'வாசிப்பு இயக்கம்' வழியாக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் குட்டிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவை பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டி இருக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க. கிழிஞ்சிடும்னு சொன்னால், கிழியட்டும். படிச்சாத்தானே கிழியும்!

இன்னொன்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம்ம சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அந்தச் சட்டப்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுறீங்க, இன்றைக்கு ரூபாய்க்கு 10 காசு. ஆக, நூலகம் யாரோ போடுற பிச்சை இல்லை, உங்க காசு. உங்க பகுதி நூலகம் பூட்டிக் கிடந்தாலோ, குழந்தைகள் புத்தகமே இல்லை என்றாலோ, கவுன்சிலரிடம் மனு கொடுங்க. நம்ம வார்டு நிர்வாகிகள் கூட வருவாங்க.

வருகிற சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் உறுப்பினராச் சேர்த்துடுங்க. எந்தப் புத்தகம்னு பிள்ளையே எடுக்கட்டும்.