நோவு வரும்வரை காத்திருப்பதா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்த சங்கதி ஈரலைப் பற்றியதாகும். காலில் முள் தைத்தால் உடனே தெரிகிறது. ஆனால் ஈரலுக்குள் ஒரு புற்றுக்கட்டி சுண்டைக்காயளவில் முளைத்து எலுமிச்சங்காயளவு வளர்ந்தாலும், அநேகமாய் அந்த மனிதனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்த பிறகே வைத்தியரிடம் ஓடுகிறோம். காரியம் மிஞ்சியபின் "தலைவிதி" என்கிறோம். விதியின்மேல் பழி போடுமுன், பார்க்க வேண்டிய காலத்தில் பார்த்தோமா என்று கேட்க வேண்டாமா?

ஊரார் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் 'பி' கிருமி நாள்பட உடம்பில் தங்கியவர்களில், சுருக்கம் இல்லாவிடினும், வயது முதலியவற்றைக் கொண்டு வைத்தியர் சொல்லுகிறவர்களும் பார்க்க வேண்டும். சுருக்கம் சாராயத்தாலும் வரும், கிருமியாலும் வரும், ஈரலில் கொழுப்பு சேர்ந்தும் வரும். ஆகவே நோயாளியைக் குடிகாரன் என்று தூற்றுவது வெறும் அறியாமையேயாகும்.

பார்ப்பது எப்படி? நம் காதுக்கு எட்டாத ஒலியை ஒரு கருவி வயிற்றின்மேலிருந்து உள்ளே அனுப்புகிறது. திரும்பிவரும் எதிரொலி படமாகிறது. அதுதான் அல்ட்ராசவுண்டு ஸ்கேன். கத்தியில்லை, எக்ஸ்ரே கதிருமில்லை. ஆறு மாதத்திற்கொரு தடவை இதையும், ஏ.எப்.பி. என்னும் இரத்தப் பரீட்சையையும் செய்ய வேண்டும். பலருக்குக் கட்டி சில மாதங்களிலேயே இரட்டிப்பாகிவிடுவதால்தான் இந்தக் கெடு. சிறிதாயிருக்கையில் அறுத்தெடுக்கலாம், சூடேற்றிப் பொசுக்கலாம், தகுந்தவர்களுக்கு மாற்று ஈரலும் வைக்கலாம்.

இதற்கு ருஜு என்ன என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சீன தேசத்து ஷாங்காய் நகரில் 1993 முதல் 1995 வரை, 'பி' கிருமி உள்ளவர்களும் நாள்பட்ட ஈரல் அழற்சி கண்டவர்களுமாகிய 18,816 பேரைச் சேர்த்து, இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாரை ஆறு மாதத்திற்கொரு தடவை இவ்விதம் சோதித்தார்கள். 2004-இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட பிரிவில் ஈரல் புற்றால் செத்தவர்கள் 37 சதவீதம் குறைவு. அச்சோதனையின் முறையில் குறை கண்ட நிபுணர்களும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். வரவேண்டிய தடவைகளில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே மக்கள் வந்தார்கள். அப்படியும் இவ்வளவு பலன்!

கருவியைக் கடவுளாக்கவும் வேண்டாம். பருத்த உடம்பிலும், முண்டும் முடிச்சுமான ஈரலிலும் சிறு கட்டி அதன் கண்ணுக்குத் தப்பும். சில சமயம் புற்றல்லாததும் புற்றுபோல் தோன்றி, வேறு ஸ்கேன் எடுத்துத் தெளிய வேண்டியிருக்கும். ஆகையால்தான் ஒரு தடவை போதாது.

நம் தோழர் ஒருவர் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். "ஒன்றுமில்லை என்றார்களே, ஒருநாள் கூலி ஏன் போகவேண்டும்?" என்று மூன்றாம் தடவை நின்றுவிட்டார். பிறகு போனபோது அறுக்கும் நிலை கடந்துவிட்டது. அவரை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயமா? கூலிக்காரனுக்கு ஸ்கேன் பக்கத்திலும் இலவசமாயும் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமையல்லவா? அதை நாம் கேட்டுப் பெறவேண்டும்.

நாம் சொன்னதற்காக நம்பவேண்டாம். வைத்தியரைக் கேளுங்கள், யோசியுங்கள். சரியென்று பட்டால், அடுத்த தடவைக்குரிய தேதியை இன்றே குறித்து வையுங்கள்.