பக்கத்து வீட்டுத் தபாலும் ஓர் அமானிதமே

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)





மாதந்தோறும் இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் விநியோகம் பற்றிப் பேசுவோம். இன்று பேசப் போவது கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபாலை, வீட்டில் ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் பற்றித்தான். உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருபவர்களின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தால், பல சிக்கல்களுக்கு அடியில் நேரத்துக்குக் கைக்கு வராத ஒரு கவர் இருக்கிறது.

நம் மஹல்லாவில் சிறு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர். அவர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. வாங்கியவர் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினார். தபால் வந்த அன்று சகோதரர் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி நல்ல மனதோடு கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிட்ஜ் மேல் வைத்தார். மறந்துவிட்டார். நீதிமன்ற சம்மன் வந்த பிறகுதான் அந்தக் கவர் வெளியே வந்தது.

காசோலை வழக்குச் சட்டப்படி, நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. அவரிடம் அந்தப் பணம் இருந்தது. தெரிந்திருந்தால் கட்டியிருப்பார். நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்தி விடுபடலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. அது தெரியாமல் அந்த நாட்களையும் அவர் பக்கத்து வீட்டோடு வாய்ச் சண்டையில் கழித்துவிட்டார். இப்போது வக்கீல் பீஸ், வாய்தா, அலைச்சல். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ரமளானில் நோன்புக் கஞ்சி மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் இன்று ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மாமி கெட்டவர் இல்லை. அந்தச் சகோதரரும் ஏமாற்றுக்காரர் இல்லை. கையெழுத்துப் போட்டால் என்ன பொறுப்பு வருகிறது என்பது இருவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பேச்சு.

முதலில் மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். ஒருவருடைய பொருளை அவருக்காகக் கையில் வாங்கினால் அது அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இடுகிற கட்டளை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட நேரத்தில், உயிருக்கே ஆபத்து இருந்தது. அப்போதும் தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். தம்மை விரட்டியவர்களின் ஊரில் இருந்த அமானிதத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்டை வீட்டாரின் அமானிதத்துக்கு நாம் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும்?

ஷாஃபி மத்ஹபின் பிக்ஹு நூல்களில் அமானிதத்துக்குத் தனிப் பாடமே உண்டு. பாதுகாக்க முடியும், தன் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றால் அமானிதத்தை ஏற்பது ஸுன்னத்தான நற்செயல். பாதுகாக்க இயலாதவர் ஏற்பது ஹராம். பொருளுக்கு உரியவரின் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் அதை இன்னொருவரிடம் ஒப்படைத்து, அது தொலைந்துபோனால் ஒப்படைத்தவரே பொறுப்பாளி. "வாசலில் விளையாடின பையனிடம் கொடுத்து அனுப்பினேன்" என்பது பதிலாகாது. ஆக, வாங்குவதும் நன்மை, முடியாதபோது வாங்காமல் இருப்பதும் மார்க்கம்தான். "எனக்கு ஞாபகம் இருக்காது, நீங்களே திரும்ப வாருங்கள்" என்று தபால்காரரிடம் சொல்வது அண்டை வீட்டாருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

அடுத்து நாட்டுச் சட்டம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேர்ந்ததாகவே 1897ஆம் ஆண்டு பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கருதுகிறது. சேரவில்லை என்று நிரூபிக்கும் சுமை வாங்க வேண்டியவர் தலையில் விழுகிறது. பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்டாலும் தபால் பதிவேட்டில் "டெலிவரி ஆனது" என்றுதான் இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து நாள் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக் கடன் பாக்கிக்கு வங்கி சர்ஃபேசி சட்டப்படி அனுப்பும் நோட்டீஸுக்குக் கெடு 60 நாள். அதற்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் அடமானச் சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கலாம். சிவில் வழக்கில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். அதை ரத்து செய்யக் கேட்பதற்கும் 30 நாள்தான்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் ஆண்கள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். தபால்காரர் வந்தால், "ஆம்பிளை யாரும் இல்லை, பக்கத்து வீட்டில் கொடுங்கள்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. இது தேவையில்லை. பேணுதலோடு வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில், பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினர் சம்மனைப் பெறலாம், ஆணானாலும் பெண்ணானாலும் சரி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் வீட்டுக் காகிதத்துக்கு உங்கள் கையெழுத்தைவிட அண்டை வீட்டு ஆணின் கையெழுத்து பெரிதில்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நோட்டீஸ் வரும் என்று தெரிந்தவர் பக்கத்து வீட்டாரிடம், "நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். இது அண்டை வீட்டாரைப் பொய் சொல்ல வைப்பது. பலனும் இல்லை. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிய நோட்டீஸையும் கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

யோசிக்காமல் சொல்லும் ஒரு வார்த்தையும் வினையாகும். ஒரு குடும்பம் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தது. மகளின் பாஸ்போர்ட் வந்தது. அதை விண்ணப்பித்தவரிடமே நேரில் கொடுக்க வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டில் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டார், "அவர்கள் இப்போது இங்கே இல்லை" என்று மட்டும் சொன்னார்கள். வீடு மாறிவிட்டார்கள் என்ற குறிப்போடு பாஸ்போர்ட் திரும்பிப் போய்விட்டது. அதை மீட்க அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. "ஊருக்குப் போயிருக்கிறார்கள், வியாழக்கிழமை வருவார்கள்" என்று சொல்லியிருந்தால் போதும்.

சரி, நாம் என்ன செய்வது? அண்டை வீட்டாருக்காக வாங்குபவர்களுக்கு முதலில் சொல்கிறோம்.

வாங்கும் முன் கவரைப் பாருங்கள். நீதிமன்றம், வக்கீல், வங்கி, அரசு அலுவலகம் என்று அனுப்புநர் பெயர் இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதை வாங்கினால், தபால்காரர் வாசலில் நிற்கும்போதே உரியவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். கவரைப் படம் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்துக்குக் கீழே உங்கள் பெயரையும் தேதியையும் தெளிவாக எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பதை நினைவில் வையுங்கள். கவரைப் பிரிக்காதீர்கள். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையச் சொன்ன மார்க்கம், பிறர் கடிதத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைய விடாது. அன்று இரவுக்குள் உரியவர் கையிலேயே கொடுங்கள்.

இனி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு.

பக்கத்து வீட்டாரை உங்கள் தபால் ஆபீஸ் ஆக்காதீர்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து, அந்தக் கடிதத்தை உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துப் பேசி வையுங்கள். ஆள் இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் சில நாள் வைத்திருப்பார்கள், தாமதிக்காமல் அடையாள அட்டையோடு போய் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஓடிபி எண் சொன்னால்தான் தபால் கையில் வரும் வசதியும் இப்போது உண்டு. அதனால் வங்கியிலும் அலுவலகங்களிலும் உங்கள் இப்போதைய செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பழைய எண் அங்கே இருந்தால் பயனில்லை. ஆனால் போனில் கேட்கிற யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். தபாலைக் கண்ணால் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

ஒரு தபால் வர வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால், அனுப்பியவரிடம் அந்த 13 இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து இந்தியா போஸ்ட் இணையதளத்தில் தபால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். "டெலிவரி ஆனது" என்று காட்டுகிறது, கையில் வரவில்லை என்றால் அன்றே தபால் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்த நகல்தான்.

தாமதமாக ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தால், முதல் வேலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடுவதில்லை. கவரோடு வக்கீலிடம் போங்கள், மிச்சம் எத்தனை நாள் இருக்கிறது என்று கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் பேசுவதை கோபம் தணிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், சொத்திலும் பங்கு கொடுக்கச் சொல்வார்களோ என்று நபியவர்களே எண்ணினார்கள். அப்படிப்பட்ட உறவை ஒரு கவருக்காக அறுத்துக்கொள்ள வேண்டாம்.

தபால் நிலையத்தில் கொடுப்பதற்கான அதிகாரக் கடிதத்தின் மாதிரி நம் அலுவலகத்தில் தயாராக இருக்கிறது, இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வரும் நோட்டீஸைப் படித்துப் பொருள் சொல்ல, தினமும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஆள் இருப்பார். பெண்கள் வந்தால் கேட்டுப் பதில் சொல்ல ஒரு சகோதரியும் இருப்பார். முதலில் நாம் பேசிய அந்த இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைக்க ஜமாஅத் பெரியவர்கள் முயன்று வருகிறார்கள். அதற்காக எல்லோரும் துஆ செய்யுங்கள்.

நம் கையில் வந்து சேரும் ஒவ்வொரு அமானிதத்தையும் உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.