நஞ்சும் அளவும்



வேதியியலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் இரண்டு புட்டிகளைக் காட்டுவது வழக்கம். இரண்டிலும் திண்டுக்கல் சமவெளியின் கிணற்று நீர். இரண்டும் பளிங்கு போல் தெளிந்திருக்கும். "எது நல்ல நீர்?" என்று கேட்பேன். ஒருவர் முகர்ந்து பார்ப்பார். மற்றொருவர் சுவைத்துப் பார்க்கக் கை நீட்டுவார். அந்தக் கையைத் தடுப்பதே என் முதற் பாடம். சோதனைச் சாலையில் நாக்கு ஒரு கருவியன்று.

தோல் பதனிடுதல் திண்டுக்கல்லின் பழந்தொழில்களுள் ஒன்று. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவர். பதனிடக் குரோமிய உப்பைச் சேர்ப்பர். கழிவுநீரைத் தூய்மை செய்யாது விட்டால், இவை நிலத்தில் இறங்கிக் கிணற்றை அடைகின்றன. தமிழகத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஓர் ஆய்வை அதில் எடுத்துக் காட்டிற்று. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பது அவ்வாய்வின் முடிவு.

'கெட்டுவிட்டது' என்று கேட்டவுடன் வேதியியல் மாணவன் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். எதனால் கெட்டது? எவ்வளவு கெட்டது?

முதற் கேள்விக்கு விடை, பொருளின் இயல்பு. புட்டியின் மேலுள்ள சிவப்புக் கரையிட்ட சாய்சதுரங்கள் அதைத்தான் சொல்கின்றன. மண்டை ஓடு, நச்சு என்பதைக் குறிக்கும். கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளிகள், அரிக்கும் பொருள் என்று எச்சரிக்கும். வெறும் சுடர், எளிதில் தீப்பற்றும் என்று பொருள்படும். வட்டத்தின் மேல் சுடர் இருந்தால், பிறவற்றை எரியத் தூண்டும் ஆக்சிஜனேற்றி என்று அறிக. உங்கள் சோதனைச் சாலையிலுள்ள பொட்டாசியம் டைகுரோமேட், செம்மஞ்சள் நிறமுள்ள அழகிய படிகம். அது நச்சு, அரிப்பான், ஆக்சிஜனேற்றி; புற்றுநோயும் உண்டாக்க வல்லது.

இரண்டாம் கேள்விக்கு விடை, அளவு. ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோகிராம்; அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இப்போது கணக்கிடுங்கள். ஒரு கிராம் டைகுரோமேட்டில் 354 மில்லிகிராம் குரோமியம் உண்டு. அதை 0.05 ஆல் வகுத்தால் 7,080 வரும். குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்றால், 472 குடம் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவர ஒரு கிராம் போதும்! வடிகுழாயில் கொட்டுமுன் இந்தக் கணக்கை நினைவு கூருங்கள்.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் டைகுரோமேட்டிலுள்ள குரோமியமும் ஒரே தனிமம்தான். எனினும் முன்னது மூன்று இணைதிறன் உடையது. நச்சு மிகக் குறைவு. பின்னது ஆறு இணைதிறன் உடையது, கொடியது. ஆதலின் தனிமத்தின் பெயர் மட்டும் போதாது. அதன் நிலையையும் கூற வேண்டும்.

மறுபுறம், அடுக்களை உப்பைப் பாருங்கள். அதன் மேல் எந்த அபாயச் சித்திரமும் இல்லை. ஆயினும் அளவு மிஞ்சினால் கிணற்றைக் குடிக்கவொண்ணாததாக்கிப் பயிரையும் வாட்டுகிறது. குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது விதி. தீங்கு செய்யும் இயல்பு வேறு. தீங்கு நேரும் வாய்ப்பு வேறு. இறுக மூடிய டைகுரோமேட் புட்டியால் எவருக்கும் கேடில்லை. கிணற்றில் இறங்கிய உப்பால் ஒரு கிராமமே வருந்தும்.

இனி என் இரண்டு புட்டிகளுக்கு வருவோம். எது நல்ல நீர்? கண் சொல்லாது, தராசும் அளவுகுழாயும் சொல்லும். "அளந்து பார்த்துச் சொல்கிறேன், ஐயா" என்று எந்த மாணவர் விடையிறுக்கிறாரோ, அவரே வேதியியலில் முதலடி எடுத்து வைத்தவர்.