நம்மாத்துப் பார்க்

மும்பையில் பாங்க் வேலை எனக்கு. ஒரு வருஷம் நவராத்திரி, செப்டம்பர் அரையாண்டுக் கணக்கோடு சேர்ந்து வந்தது. முடியாமல், கொலுவுக்குக் கடையில் பிளாஸ்டிக் பார்க் வாங்கி வைத்தேன். "இது நம்மாத்துப் பார்க் இல்லைம்மா" என்றாள் பெண். மனசு என்னவோ செய்தது.

மறு வருஷம் மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பே தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகும் வெந்தயமும் தூவினோம். தண்ணீர் தெளிப்பது அவள் பொறுப்பு. முகக் கண்ணாடி குளமாயிற்று, தீப்பெட்டிகள் பெஞ்சாயின. மரப்பாச்சிக்குப் பழைய ஜரிகைத் துண்டில் புடவை. தினம் ராத்திரி அரை மணிதான். நான் ஆபீஸில் இருந்த நேரத்திலும் விதை முளைத்துக்கொண்டுதான் இருந்தது!

புல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் முதலில் காட்டினாள். வேலைக்குப் போகும் சகோதரிகளே, அந்த அரை மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.